அஞ்சு மில்லிமீட்டர் தள்ளி நிக்கற காந்தாரம்: ஷார்ட் ஸ்கேல் ஃப்ரெட்லெஸ் பேஸ்

(காட்சி: மடியில் பேஸ் கிட்டார். கேமரா கழுத்துப் பலகைக்குப் பக்கத்தில்.)

வீணையில மெழுகு மேல பதிச்ச 24 மெட்டு இருக்கும், பாத்திருப்பீங்க. கிட்டார்ல அதே வேலையைச் செய்யறதுதான் ஃப்ரெட். இந்த பேஸ்ல, அதாவது தாழ்ந்த சுரம் வாசிக்கற கிட்டார்ல, அது கிடையாது. ஃப்ரெட் இருக்க வேண்டிய இடத்துல வெறும் கோடுதான். வயலின் மாதிரி, விரல் எங்க நிக்குதோ அதுதான் சுரம்.

இன்னொரு விஷயம், இது ஷார்ட் ஸ்கேல். நட்டுல இருந்து, அதாவது தலைப்பக்கம் கம்பியைத் தாங்கற பட்டையில இருந்து, அடிப்பக்கம் தாங்கற பிரிட்ஜ் வரைக்கும் 30 இன்ச். வழக்கமான பேஸ்ல 34. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி கையில வயலின் வடிவத்துல ஒரு ஹாஃப்னர் பேஸ் இருக்கும்ல, அதுவும் 30தான். முதல் ஃப்ரெட்டுக்கான தூரம் பெரிய பேஸ்ல 48 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, இதுல 43. என்னை மாதிரி குட்டை விரல்காரங்களுக்கு இது பெரிய உதவிங்க.

"அப்ப இது சுலபம்"னு கடையில சொல்வாங்க. கைக்குச் சுலபம், சரி. காதுக்கு இல்லை. கோடெல்லாம் நெருங்கி வந்துட்டதால, விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சுரம் அதிகமா நகரும். 12வது கோட்டுக்கிட்ட ஒரு மில்லிமீட்டர் தப்பினா கிட்டத்தட்ட 5 சென்ட் போயிடும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல இருக்கறது அரைச் சுரம், அதை நூறாப் பிரிச்சா அதுல ஒண்ணுதான் சென்ட். அதோட, அதே கனக் கம்பியை அதே சுருதிக்கு ஏத்தினா 34 இன்ச்சை விட இதுல இழுவிசை சுமார் 22 சதவீதம் குறைவு. கம்பி தொளதொளன்னு இருக்கறதால, இறுக்கி அழுத்தினாலே சுருதி ஏறிடும். லேசா வைங்க. கம்பி வாங்கறப்பவும் ஷார்ட் ஸ்கேல்னு கேட்டு வாங்குங்க. நீளக் கம்பியை வெட்டிப் போட்டா, கனமான பாகம் முறுக்காணியில சுத்தி, மேல் சுத்து பிரிஞ்சுக்க வாய்ப்பு இருக்கு.

(காட்சி: விரல் நுனி, கோட்டின் மேல்.)

ஃப்ரெட் கிட்டார்ல ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி அழுத்திப் பழகியிருப்பீங்க. இங்க அப்படி வெச்சா சுருதி இறங்கிடும். விரல் நுனியோட நடு, கோட்டு மேலயே வரணும். மேல இருந்து சாய்ஞ்சு பாத்தா கோடு வேற இடத்துல இருக்கற மாதிரி தெரியும், கண்ணை நம்பாதீங்க.

இப்பதான் நான் சொல்ல வந்த விஷயம். நான் இருக்கறது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காட்டு ஜில்லா, பேச்சு தமிழ். தாத்தாவோட பஜனைச் சுருதிப்பெட்டி பழுதாயிடுச்சு, இப்ப ஃபோன்ல தம்பூரா ஆப்தான். அதை ரெண்டு கட்டையில வைங்க, அதாவது டி. பேஸோட டி கம்பியை அதோட சேருங்க. திறந்த கம்பிதான் ஸட்ஜம்.

(காட்சி: டேப் அளவு, நட்டில் இருந்து.)

நட்டுல இருந்து அளந்துகிட்டே வர்றேன் பாருங்க. 15 இன்ச், மேல் ஸட்ஜம், கம்பியில பாதி. 10 இன்ச், பஞ்சமம், மூணுல ஒண்ணு. ஏழரை இன்ச், சுத்த மத்யமம், நாலுல ஒண்ணு. 30 இன்ச் ஸ்கேல்ல எல்லாம் முழுசாவும் அரையாவும் வருது, எனக்கு இதுல தனி சந்தோஷம். இந்த மூணுக்கும் கோடும் அளவும் ஒட்டியே இருக்கும், முடியளவுதான் வித்தியாசம்.

அந்தர காந்தாரம்? அஞ்சுல ஒண்ணு, 6 இன்ச்ல இருக்கணும். ஆனா கோடு எங்க இருக்கு? 6.19 இன்ச்ல. கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் தள்ளி!

கோட்டுல வெச்சு வாசிக்கறேன்... ஒலி லேசா நெளியுது, கேக்குதா? இப்ப நட்டுப் பக்கமா இழுக்கறேன்... நெளிவு அடங்கிடுச்சு. தம்பூராவோட சேர்ந்த காந்தாரம் இதுதான். கோடு போட்டது சம சுர அமைப்புக்கு. 12 அரைச் சுரத்தையும் ஒரே அளவாப் பிரிச்சுட்டாங்க, அதனால காந்தாரம் 14 சென்ட் ஏறி நிக்குது. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கீபோர்டோட வாசிக்கறப்ப நான் கோட்டுலதான் வைப்பேன், இல்லன்னா ரெண்டும் முட்டும். வீட்டுல தம்பூராவோட வாசிச்சா உள்ள இழுத்துப்பேன். மெட்டு இல்லாத வாத்தியம் வாங்கினதே இதுக்குத்தான். கோட்டுலயே நிக்கறதா இருந்தா ஃப்ரெட்டோடயே வாங்கியிருக்கலாம்.

ஃப்ரெட்லெஸோட இந்த "ம்வா"ன்னு பாடற குரல், கம்பி பலகையை லேசா உரசிக்கிட்டே அதிர்றதால வர்றது. அதுக்குக் கம்பி தாழ்வா இருக்கணும். ஃப்ரெட்லெஸ் பேஸுக்குப் பேர்போன ஜாக்கோ பாஸ்டோரியஸோட 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ்ல பலகைக்கு எபாக்ஸின்னு கெட்டியாகற பிசின் பூசியிருந்தாங்க. மேல் சுத்து சொரசொரன்னு இருக்கற ரவுண்ட் வூண்ட் கம்பி மரத்தை அரிச்சிடும், அதுக்குத்தான் அந்தப் பூச்சு. பூசாத பலகைக்கு வழவழப்பான ஃபிளாட் வூண்ட் போதும்.

எங்க ஊர்ல இன்னொரு தொல்லை. தை மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா கிழக்க இருந்து காஞ்ச காத்து, ஆடியில மேக்க இருந்து ஈரம். கழுத்தோட வளைவு மாறி, போன மாசம் பாடின கம்பி இந்த மாசம் கரகரங்கும். அந்த வளைவைச் சரிபண்ண கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி இருக்கும், ட்ரஸ் ராடு; அதைக் கால் சுத்துக்கு மேல ஒரே தடவையில திருப்பாதீங்க. திருப்பிட்டு ராத்திரி முழுக்க விடுங்க.

(காட்சி: தம்பூரா ஒலி மட்டும். கண் மூடி, ரிஷபத்தில் இருந்து காந்தாரத்துக்கு விரல் வழுக்குகிறது.)

கண்ணை மூடி ரிஷபத்துல இருந்து மேல வழுக்கிட்டு வாங்க, நெளிவு நிக்கற இடத்துல நில்லுங்க. இப்பக் கண்ணைத் திறங்க. பாருங்க, கோடு இன்னும் முன்னாடி இருக்கு.