'மெதன அத்சன் கரன்ன' (இங்கே கையெழுத்து வையுங்கள்) என்றால் உடனே கையெழுத்து வைக்காதீர்கள்! பொலிஸாருக்கும் ஒரு சட்டப்புத்தகம் இருக்கிறது

(திரையில் பெரிய எழுத்தில்: 177 – 0)

நம் இலங்கை நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானத்துக்கு எதிராக ஒரு வாக்குக்கூட விழாமல் போவது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி அது நடந்தது. ஆதரவாக 177, எதிராகப் பூச்சியம். பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனைப் பதவி நீக்கும் தீர்மானம் அது. இந்த நாட்டில் பொலிஸ் மா அதிபர் ஒருவரை நாடாளுமன்றமே வாக்கெடுத்து வீட்டுக்கு அனுப்பியது அதுதான் முதல் தடவை.

அதற்கு முந்திய கதை இன்னும் சுவாரசியம். 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு சித்திரவதை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இவரும் வேறு சில அதிகாரிகளும் ஒரு மனிதரின் அடிப்படை உரிமையை மீறியிருக்கிறார்கள், நட்டஈடு கட்ட வேண்டும் என்று. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். தீர்ப்பு வந்து மூன்று மாதம் ஆகுமுன், 2024 பெப்ரவரியில், அவரையே நிரந்தரமாக அந்தக் கதிரையில் உட்கார வைத்தார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அப்புறம் விசாரணைக் குழு, அப்புறம் இந்த 177.

சரி, அது பெரிய இடத்துச் சமாசாரம். நமக்கும் பொலிஸுக்கும் இடையில் நடப்பது பெரும்பாலும் ஒரு மேசை, ஒரு தடித்த கொப்பி, ஒரு பேனா. அங்கே பொலிஸார் எப்படி நடக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். புதிதாக வந்தவர்கள் சப்ஸ்கிரைப் பொத்தானை அமத்திவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

(இசை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், வேகமாக)

வரலாற்றை ஓட்டிவிடுவோம். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். 1866 செப்டம்பர் 3ஆம் திகதி கேம்பல் என்ற வெள்ளைக்காரர் பொலிஸின் தலைமைப் பொறுப்பை எடுத்தார், அதனால் இன்றும் அது பொலிஸ் தினம். முதலாவது இலங்கையர், சேர் ரிச்சர்ட் அலுவிஹார, பொலிஸ் மா அதிபர் பதவிக்கு வர 1947 ஆனது. அவ்வளவுதான் வரலாறு.

ஆனால் அந்த 1865ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 56ஆம் பிரிவு சொல்வதைக் கேளுங்கள்: பொலிஸ் உத்தியோகத்தர் எந்நேரமும் கடமையில் இருப்பவராகவே கருதப்படுவார். கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும் கடமைதான். பொதுமக்களின் அமைதியைப் பாதிக்கும் தகவலைச் சேகரித்து உரிய இடத்துக்குத் தெரிவிப்பதும் அதே பிரிவில் வரும் கடமை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு முன்பே எச்சரிக்கை கிடைத்தும் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று, அப்போதைய பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவை 750 இலட்சம் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது உயர் நீதிமன்றம், 2023 ஜனவரியில். சொந்தப் பணத்திலிருந்து!

இவரை வேறொரு வீடியோவிலும் பார்த்திருப்பீர்கள். பொலிஸ் தலைமையகத்தின் லிப்ட் இயக்குபவரைப் பிடித்து உலுப்பும் சிசிடிவி காட்சி 2018இல் ஊரெல்லாம் ஓடியது. காரணமாகச் செய்திகளில் வந்தது என்ன தெரியுமா? அலுவலகத் தியானத்தில் கலந்துகொள்ளவில்லையாம். தியானம் யாருக்குத் தேவைப்பட்டது என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

(திரையில்: 1979)

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. இந்த வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1979இல் மூன்று விஷயம் நடந்தது. டிசம்பர் 17ஆம் திகதி ஐ.நா. பொதுச் சபை, சட்டத்தை அமுல்படுத்தும் உத்தியோகத்தர்களுக்கான நடத்தைக் கோவையை ஏற்றுக்கொண்டது. மொத்தம் எட்டே உறுப்புரைகள். மனித கண்ணியத்தை மதி, தேவையான அளவுக்கு மேல் பலத்தைப் பாவிக்காதே, கேள்விப்பட்ட இரகசியத்தைக் காப்பாற்று, இலஞ்சம் வாங்காதே என்று போகும். அதே வருடம் நம் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியிருந்தது. ஒன்று 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவை. மற்றது 48ஆம் இலக்கம். அதன் பெயரைச் சொல்லாமலே உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் 15ஆம் இலக்கம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் உங்கள் போன் பறிபோகிறது என்று வைப்போம். பொலிஸ் நிலையத்துக்குப் போகிறீர்கள். சார்ஜன்ட் நல்ல மனிதர், இருக்கச் சொல்கிறார். நீங்கள் தமிழும் உடைந்த சிங்களமும் கலந்து சொல்கிறீர்கள், அவர் கொப்பியில் விறுவிறுவென்று சிங்களத்தில் எழுதுகிறார். நீங்கள் ஐந்து நிமிடம் பேசியது அங்கே எட்டு வரியில் முடிகிறது. கொப்பியைத் திருப்பி உங்கள் பக்கம் தள்ளி, பேனாவை நீட்டி, விரலால் இடத்தைக் காட்டுகிறார். "மெதன அத்சன் கரன்ன." நீங்களும் வைத்துவிடுகிறீர்கள். கொழும்பில் தமிழ் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், இப்படிக் கையெழுத்து வைக்காதவர் ஒருவரையாவது காட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 109ஆம் பிரிவு. வாய்மொழியாகக் கொடுக்கும் முறைப்பாட்டை, கொடுக்கப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். நீங்கள் தமிழில் சொன்னால் தமிழில். அந்த உத்தியோகத்தருக்குத் தமிழ் எழுத வராதா? அப்போது உங்களையே தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். உங்களால் எழுத முடியாது என்று நீங்கள் சொன்னால் மட்டும்தான் அவர் தனக்குத் தெரிந்த தேசிய மொழியில் எழுதலாம். அப்படி எழுதும்போது ஏன் அந்த மொழியில் எழுதுகிறேன் என்ற காரணத்தையும் பதிய வேண்டும், உங்களுக்கு விளங்கும் மொழியில் அதைச் சொல்லியும் காட்ட வேண்டும்.

கவனித்தீர்களா, ஒன்றன் பின் ஒன்றாக எத்தனை படி? இதை 1979இலேயே யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். சண்டை போடத் தேவையில்லை, குரலை உயர்த்தத் தேவையில்லை. "சேர், தமிழில் நானே எழுதித் தரட்டா?" என்று கேட்டால் போதும். அது சட்டத்திலேயே இருக்கிற வழி, சலுகை கேட்பதல்ல. பல சார்ஜன்ட்மாருக்கு அது வேலை மிச்சம் என்று சந்தோஷமாகவே இருக்கும்.

சாட்சியாக உங்களை விசாரிக்கும்போது எடுக்கும் வாக்குமூலத்துக்கு அடுத்த பிரிவு, 110. அங்கேயும் வாசித்துக் காட்ட வேண்டும், மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று: நீங்கள் திருத்தமும் சொல்லலாம், சேர்க்கவும் செய்யலாம். எழுதியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற கதை இல்லை.

(திரையில்: 1895)

இன்னும் பின்னால் போவோம். பொலிஸ் அடித்ததும் திருடன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான், கேஸ் முடிந்தது. படங்களில் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் நம் சான்றுக் கட்டளைச் சட்டம், 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம், 25ஆம் பிரிவு: பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. தானே விரும்பிச் சொன்னாலும்கூட. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்திலும் இதே 25ஆம் பிரிவு இருந்தது. பொலிஸை உருவாக்கிய அதே வெள்ளைக்கார அரசுதான், அந்தப் பொலிஸ் எழுதிக் கொண்டுவரும் ஒப்புதலை நம்ப வேண்டாம் என்று நீதிமன்றத்துக்கும் சொல்லி வைத்தது. கடைக்காரரே தராசைப் பிடித்து, அவரே நிறையைச் சொல்லி, அவரே காசையும் எடுத்தால் எந்த வாடிக்கையாளர் நம்புவார்?

எனக்கு இது வெறும் நீதிமன்ற நுணுக்கமாகத் தெரியவில்லை. பொலிஸ் ஒழுக்கம் பற்றி வகுப்பு எடுக்கிறோம், சுவரில் வாசகம் ஒட்டுகிறோம். அதையெல்லாம்விட இந்த ஒற்றை வரி பெரிய வேலை செய்கிறது என்பது என் கருத்து. அடித்து வாங்கும் ஒப்புதலுக்கு நீதிமன்றத்தில் ஒரு சதம் பெறுமதி இல்லை என்றால், அடிப்பதற்கான காரணத்தில் பெரிய பங்கு அப்போதே போய்விடுகிறது. தடயம் தேடு, சாட்சியைத் தேடு, அலைந்து திரி என்று சட்டம் தள்ளுகிறது.

இப்போது அந்த 48ஆம் இலக்கத்துக்கு வருவோம். பயங்கரவாதத் தடைச் சட்டம். தற்காலிக ஏற்பாடு என்று பெயரிலேயே போட்டு, மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்தார்கள். 1982இல் நிரந்தரமானது. அதன் 16ஆம் பிரிவு 1895இல் பூட்டிய கதவைத் திறந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும். வற்புறுத்தித்தான் வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்கும் சுமை யாருக்கு? உள்ளே இருந்தவருக்கு. தனி அறை, சாட்சி இல்லை, காயம் ஆறிவிட்டது, சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்து இருக்கிறது. நிரூபியுங்கள் பார்க்கலாம்!

109ஆம் பிரிவைப் பற்றி ஏன் இவ்வளவு நேரம் எடுத்தேன் என்று இப்போது விளங்கும். போன் தொலைந்த முறைப்பாட்டில் வாசிக்காமல் வைக்கும் கையெழுத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதே பழக்கம் இந்தச் சட்டத்தின் கீழ் எத்தனை பேரின் இளமையைத் தின்றது என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2022இல் திருத்தம் வந்தது, தடுப்புக்காவலின் உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. 16ஆம் பிரிவு அப்படியே இருந்தது.

'மேலிடத்து உத்தரவு' என்ற சாட்டு பற்றி ஒரு வார்த்தை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்குக் குறைந்தது 7 வருடம், கூடியது 10 வருடம் சிறை. மேலதிகாரி சொன்னார், யுத்த காலம் என்ற எதுவும் அதற்கு எதிர்வாதமாகாது. ஆனால் மற்ற உத்தரவுகள்? 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கு மேற்பட்ட தமிழர்களை விடியற்காலையில் எழுப்பி, கொழும்பை விட்டு வெளியேற்ற பஸ்களில் ஏற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடை போட்டது. கதவைத் தட்டிய கான்ஸ்டபிள்மார் எல்லோரும் உத்தரவைத்தான் நிறைவேற்றினார்கள்.

(திரையில் இரண்டு தொலைபேசி இலக்கங்கள்)

சரி, எங்கே சொல்வது? ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொள்ளுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. அதை உருவாக்கிய சட்டமும் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. நம் பழைய இலஞ்சச் சட்டம் வந்தது? 1954! யார் இந்த இலக்கங்களை எடுத்தார்களோ, அவர்களுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒன்று, 1954ஐ அழைக்குமுன் யோசியுங்கள்: தண்டப் பத்திரத்தைத் தவிர்க்க லைசன்ஸுக்குள் மடித்து வைத்து நீட்டியது நீங்களாக இருந்தால், வாங்கியவரைப் போலவே கொடுத்தவரும் குற்றவாளிதான்.

தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் பொலிஸுக்கு எதிரான முறைப்பாட்டை எடுக்கும், அரசியலமைப்பே அந்த வேலையைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் கலண்டரைப் பாருங்கள். சம்பவம் நடந்து ஒரு மாதம், அவ்வளவுதான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முதல் கிழமையிலேயே போய்ப் போட்டுவிடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள்.

கீழே கமெண்டில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: கடைசியாகப் பொலிஸில் கையெழுத்து வைத்தபோது எழுதியதை வாசித்துக் காட்டினார்களா? நிலையத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ வேண்டாம், ஆம் அல்லது இல்லை போதும். அடுத்த வீடியோவில் கைது: காரணம் சொல்லாமல் ஜீப்பில் ஏறச் சொன்னால் என்ன கேட்பது, 24 மணித்தியாலம் எப்போதிலிருந்து ஓடத் தொடங்கும் என்று பார்க்கலாம்.