சிறிய இடத்தில் எலிகளுக்கு ஒரு குடியிருப்பு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வுக்காகச் சிலர், செல்லப்பிராணியாகச் சிலர், பாம்புக்கும் ஆந்தைக்கும் இரையாகச் சிலர் என்று எலிகளை இனப்பெருக்கம் செய்து வளர்ப்போர் உலகெங்கும் உண்டு. நோக்கம் எதுவாக இருந்தாலும் எலிக்கு வேண்டியவை ஒன்றே: ஈரமில்லாத தரை, கெடாத காற்று, ஒளிந்துகொள்ள ஓர் இடம், உடன் வாழ இன்னோர் எலி. அறையின் ஒரு மூலை மட்டுமே கைவசம் இருப்பவர், இவை நான்கும் குறையாத பெட்டிகளைத் தம் கையாலேயே எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதே இன்றைய பேச்சு. நான் சொல்வதெல்லாம் தலைமுறை தலைமுறையாக மனிதர் வளர்த்துவரும் எலிகளைப் பற்றியது. சாக்கடையிலோ வயலிலோ பிடித்த எலியை இந்தப் பெட்டிகளுக்குள் விடக் கூடாது. அதனோடு எலிக்காய்ச்சல் போன்ற நோய்களும் உள்ளே வந்துவிடும்.

பெட்டி செய்ய உட்காரும் பெரும்பாலோர் முதலில் கேட்பது, இத்தனை அடி இடத்தில் எத்தனை எலிகளை வைக்கலாம் என்பதுதான். என்னைக் கேட்டால், இத்தனை எலிகளை எத்தனை பெட்டிகளாகப் பிரித்து வைக்க முடியும் என்று கேட்பதே சரி. காரணம் எலியின் நாட்கணக்கில் இருக்கிறது. சினைக்காலம் 21 முதல் 23 நாட்கள். ஓர் ஈற்றில் 8 முதல் 12 குட்டிகள் சாதாரணம். ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் மறுபடியும் இணை சேரும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே ஆண் அதே பெட்டியில் இருந்தால், பால் குடிக்கும் குட்டிகள் ஒருபுறமும் வயிற்றில் வளரும் அடுத்த ஈற்று மறுபுறமுமாகத் தாய் உருக்குலைந்து போகும். குட்டிகள் மூன்று வாரத்தில் பால் மறக்கும். ஐந்தாவது வாரத்தில் பருவத்தை எட்டத் தொடங்கும். அதற்குள் ஆண்குட்டிகளையும் பெண்குட்டிகளையும் பிரிக்காவிட்டால் உடன்பிறந்தவையே இணை சேர்ந்துவிடும்.

இதிலிருந்தே பெட்டிகளின் எண்ணிக்கை கிடைக்கிறது. ஓர் ஆண், இரண்டு பெண் என்று தொடங்குபவருக்கு, இணை சேர ஒரு பெட்டி, தாய்களுக்கு இரண்டு, வளரும் குட்டிகளை ஆண், பெண் என்று பிரித்துவைக்க இரண்டு, கழுவிக் காய்ந்து காத்திருக்கும் காலிப் பெட்டி ஒன்று என ஆறு பெட்டிகள் வேண்டும். தாய்கள் இரண்டும் ஈனச் சென்றிருக்கும் நாட்களில் ஆண் தனித்துப் போகும் என்பதால், அதோடு பழகிய இன்னோர் ஆணைத் துணைக்கு விடலாம். எலி கூடி வாழும் பிராணி, வாரக்கணக்கில் தனிமையில் இருந்தால் சுருண்டுவிடும். இடப் பற்றாக்குறையில் முதலில் வெட்டப்படுவது காலிப் பெட்டிதான். அதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து; ஒரு பெட்டி கசியும்போதோ ஓர் எலி இன்னொன்றைக் கடிக்கும்போதோ உடனே கை கொடுப்பது அதுதான்.

அளவுக்கு வருவோம். தாயும் அதன் குட்டிகளும் இருக்க 800 சதுர சென்டிமீட்டர் தரையும் 18 சென்டிமீட்டர் உயரமும் வேண்டும் என்பது ஆய்வகங்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதி. அது குறைந்தபட்சம் மட்டுமே. அந்த உயரத்தில் வளர்ந்த எலி பின்னங்காலில் நிமிர்ந்து நிற்க முடியாது, தலை இடிக்கும். 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட, ஆழமான கெட்டிப் பிளாஸ்டிக் தொட்டியில் 2400 சதுர சென்டிமீட்டர் தரை கிடைக்கிறது. உயரம் 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அரைக் கிலோ எடையை நெருங்கும் எலி ஒன்றுக்கு 387 சதுர சென்டிமீட்டர் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி. அதன்படி அந்தத் தொட்டியில் ஆறு எலிகள் இருக்கலாம். நான் நான்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

இந்தத் தொட்டிகளை மூடிபோட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேலே உள்ளதை இறக்காமல் கீழே உள்ளதைத் திறக்க முடியாது. அப்படிப்பட்ட அடுக்கில் அடிப்பெட்டியே எப்போதும் கவனிப்பாரற்றுப் போகும். அதனால் மேசை இழுப்பறையைப் போல ஒவ்வொன்றையும் தனித்தனியே வெளியே இழுக்கும்படி ஒரு சட்டகம் செய்வது நல்லது. மரச்சட்டத்தில் மூன்று தட்டுகள், தட்டுக்கு இரண்டு தொட்டிகள். ஒவ்வொரு தட்டின் மேலும் கம்பி வலையை இழுத்துக் கட்டினால் அதுவே கீழ்த் தொட்டியின் கூரை. தொட்டியின் விளிம்புக்கும் வலைக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் குட்டி வெளியேறிவிடும். சட்டகத்தின் அகலம் ஒரு மீட்டருக்குள் அடங்கும். மரம் எலியின் பல்லுக்கோ சிறுநீருக்கோ எட்டாத இடத்தில்தான் இருக்க வேண்டும், ஏனெனில் சிறுநீர் ஊறிய மரத்தை எவ்வளவு தேய்த்தாலும் நாற்றம் போகாது.

வலையின் கண் எவ்வளவு என்பது முக்கியம். வளர்ந்த எலிகளுக்கு 12 மில்லிமீட்டர் போதும். குட்டிகள் இருக்கும் பெட்டிக்கு 6 மில்லிமீட்டர் கண் கொண்ட வெல்டு மெஷ் வாங்க வேண்டும். எல்லாப் பெட்டிகளுக்கும் சிறு கண்ணையே போட்டுவிட்டால் பின்னால் மாற்ற வேண்டிய தொல்லை இல்லை. தரைக்கு மட்டும் வலை போடவே கூடாது. கம்பியில் நின்றே வாழும் எலியின் உள்ளங்கால் புண்ணாகி, வீங்கி, எளிதில் ஆறாமல் நிற்கும்.

எலியின் வெட்டுப்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆகவே அது கடிப்பதைத் தடுக்க முடியாது, கடிக்க இடம் கொடுக்காமல் இருக்கத்தான் முடியும். வழவழப்பான தட்டைச் சுவரில் அந்தப் பல் வழுக்கும்; ஒரு விளிம்போ துளையோ கிடைத்தால்தான் அது பிடிமானம் பெறும். காற்றுக்காகத் தொட்டியின் பக்கச்சுவரில் சன்னல் வெட்டும்போது, வெட்டிய பிளாஸ்டிக் விளிம்பு உள்ளே தெரிந்தால் ஓரிரவில் அது மென்று துப்பப்பட்டிருக்கும். வலையைச் சன்னலைவிட இரண்டு விரற்கடை அகலமாக வெட்டி, உட்புறமாக வைத்து, அகலமான வாஷர் போட்டுப் போல்ட்டால் முடுக்குவதே நிற்கும். பசையை நம்ப வேண்டாம். வலையின் முனைக்கம்பிகளை ஒட்ட வெட்டி அரத்தால் தேய்த்துவிட்டால் கண்ணும் காதும் கிழியாது.

சன்னல் ஒன்றல்ல, எதிரெதிரே இரண்டு வேண்டும். அப்போதுதான் காற்று குறுக்கே ஓடும். எலியின் சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. எலிகளில் பரவலாகக் காணப்படும் மைக்கோபிளாஸ்மா என்னும் மூச்சுக்குழாய்த் தொற்றை அது தீவிரமாக்கும். தும்மலும் மூக்கைச் சுற்றிச் செந்நிறக் கறையும் அதன் முதல் அறிகுறிகள். அந்தக் கறையை ரத்தம் என்று நினைத்துப் பதறுவோர் உண்டு, அது கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வருவது. அம்மோனியா பிறப்பது படுக்கையில், எலியின் மூக்கு இருக்கும் அதே மட்டத்தில். நின்றபடி முகர்ந்துவிட்டு வாடையில்லை என்று சொல்வதில் பயனில்லை. தொட்டியை இழுத்து, படுக்கைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்.

படுக்கைக்குத் துண்டாக்கிய காகிதமோ, தூசி நீக்கிய ஆஸ்பென் மரச்சீவலோ ஏற்றது. பதப்படுத்தாத பைன், தேவதாரு போன்ற மணமுள்ள மரங்களின் சீவலில் இருந்து கிளம்பும் ஆவி நுரையீரலைத் தாக்குவதோடு கல்லீரலையும் பாதிக்கும். தாய்க்குக் கூடு கட்டக் காகித நாடாக்கள் போதும். பஞ்சும் நூலும் குட்டிகளின் காலில் சுற்றி இறுகிவிடும்.

தண்ணீருக்கு, குண்டு வைத்த உலோகக் குழாயுள்ள புட்டியை வெளியில் தொங்கவிட்டு, குழாயை மட்டும் வலைவழியே உள்ளே நீட்டுவது வழக்கம். அதன் நுனி படுக்கையைத் தொட்டுவிட்டால் காகிதம் திரியாகச் செயல்பட்டுப் புட்டி முழுவதையும் இழுத்துவிடும். காலையில் கூடு நனைந்து, குட்டிகள் குளிரில் விறைத்துக் கிடக்கும். தரையிலிருந்து ஏழெட்டுச் சென்டிமீட்டர் மேலே நிறுத்தி, படுக்கையைப் பரப்பிய பின் மறுபடியும் அளந்துகொள்ள வேண்டும். தீவனத்தை வலையால் செய்த தொட்டிலில் மேலிருந்து தொங்கவிட்டால் சிறுநீர் படாது.

எலிக்கு வியர்த்து உடலைக் குளிரவைக்கும் வசதி இல்லை. வெப்பத்தை வெளியேற்ற அதற்கு முக்கியமாக உதவுவது வால். வெயில் விழும் சுவரை ஒட்டிச் சட்டகத்தை நிறுத்தாதீர்கள். மேல்தட்டு எப்போதும் கூடுதல் சூடாக இருக்கும் என்பதால் பாலூட்டும் தாய்களை நடுத்தட்டிலோ கீழ்த்தட்டிலோ வைப்பது நல்லது. வெள்ளை எலிகளின் விழித்திரையைப் பளீரென்ற ஒளி கெடுத்துவிடும். மேல்தட்டில் அவை இருந்தால் ஒரு மறைப்புப் பலகை போடுங்கள்.

சுத்தம் செய்வதில் அவசரம் ஆகாது. ஈன்ற முதல் சில நாட்களில் கூட்டைக் கலைத்தால் தாய் குட்டிகளைக் கொன்றுவிடவும் கூடும். ஈரமான மூலையை மட்டும் அள்ளிவிட்டு, பழைய கூட்டை அப்படியே விட வேண்டும். தொட்டியின் அடியில் படியும் வெள்ளை உப்புப் படலத்தை வினிகர் கரைக்கும். அதை நன்றாக அலசி முடித்த பிறகே பிளீச்சிங் கரைசலைத் தொட வேண்டும். இரண்டும் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

கடைசியாக, ஒவ்வொரு தொட்டியின் முன்புறத்திலும் ஓர் அட்டையைச் செருக ஓர் இடம் விடுங்கள். இணை சேர்த்த நாள், ஈன்ற நாள், குட்டிகளின் எண்ணிக்கை, பிரிக்க வேண்டிய நாள் என நான்கு வரிகள் போதும். பிரிக்க வேண்டிய நாளை, ஈன்ற அன்றே, நான்கரை வாரத்தைக் கூட்டி எழுதிவிடுங்கள். அந்த நாளில் வைக்கக் காலித் தொட்டி இராது என்று அட்டைகளைப் பார்த்தவுடன் தெரிந்தால், அடுத்த பெண் எலியை ஆணிடம் விடுவதை அதுவரை ஒத்திப்போடலாம்.