பூவனூரில் ஒரு சமநிலை ஆட்டம்

அவையோர்க்கு வணக்கம். முதியவர் வேடத்தில் வந்த ஈசன் அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி வென்று அவளை மணந்ததாகத் தலவரலாறு கூறும் இந்தப் பூவனூரில், எவரும் வெல்லாத ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நேற்றைய சதுரங்கப் போட்டியின் இறுதிச் சுற்றில் இரு பிள்ளைகளும் கைகுலுக்கி எழுந்தபோது, "இவ்வளவு நேரம் உட்கார்ந்தும் ஒன்றும் ஆகவில்லையே" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார், இப்பேச்சு அவருக்காகவே.

கடைசியில் ஒருவரிடம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். மற்றவரிடம் ராஜாவும் யானையும் மட்டும். தற்காத்தவர், சிப்பாய் கடைசி வரிசையை எட்டி ராணியாக வேண்டிய கட்டத்திலேயே தம் ராஜாவை நிறுத்தி, தம் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் யானையைக் குறுக்கே வைத்து, மடையை அடைப்பதுபோல் எதிரி ராஜாவின் வழியை அடைத்தார். வேறு வழியின்றிச் சிப்பாய் அந்த மூன்றாம் வரிசைக்கு முன்னேறியதும், யானை பலகையின் மறுமுனைக்கு ஓடிப் பின்னாலிருந்து செக் வைக்கத் தொடங்கியது. நிழலாக நின்ற சிப்பாய் நகர்ந்துவிட்டதால் எதிரி ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை, செக்கும் ஓயவில்லை, ஆட்டம் சமனானது. அவசரப்பட்டு முன்பே யானையை அந்த வரிசையிலிருந்து நகர்த்தியிருந்தால் அந்த ராஜா உள்ளே நுழைந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் பெயரால் வழங்கும் முறை இது. பத்துப் பன்னிரண்டு நகர்த்தலில் பேசிவைத்துக் கைகுலுக்குவதை இதனோடு சேர்த்து எண்ணாதீர்கள். அதை நானும் ரசிப்பதில்லை.

2018இல் லண்டனில் நார்வேயின் கார்ல்சனும் அமெரிக்காவின் கருவானாவும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 12 ஆட்டங்களும் சமனாயின. முதல் ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஆடிய கார்ல்சன், ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு யானை முடிவாட்டத்தில் நெடுநேரம் நெருக்கியும், 115 நகர்த்தல்களுக்குப் பிறகு அது சமனில்தான் முடிந்தது. ஆறாம் ஆட்டத்திலோ கருவானாவுக்கு ஒரு வெற்றி இருந்ததைக் கணினி காட்டியது. ஆனால் அந்த வழி மனிதக் கண்ணுக்கு எளிதில் அகப்படாதது. கடைசியில், குறைந்த நேரத்தில் ஆடும் விரைவு ஆட்டங்களில் கார்ல்சன் 3-0 என வென்றார்.

நம் மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்தும் 2012இல் மாஸ்கோவில் இஸ்ரேலின் கெல்ஃபாண்டுடன் உலகப் பட்டத்துக்காக ஆடிய 12 ஆட்டங்களில் 10ஐச் சமன் செய்தார். ஏழாவதில் தோற்றவர், எட்டாவதில் 17 நகர்த்தல்களிலேயே வென்று கணக்கைத் தீர்த்தார். பட்டத்தை முடிவுசெய்தவை அங்கும் விரைவு ஆட்டங்களே.

நேற்றைய கடைசி நிலையை மேடையோரப் பலகையில் அப்படியே அடுக்கியிருக்கிறேன். பெரியவர் ஐயா வந்து, சிப்பாய் உள்ள பக்கத்தில் அமர்ந்து, வென்று காட்டட்டும். தற்காத்த பிள்ளை எதிரே காத்திருக்கிறான்.