பேராசிரியர்களின் வாசிப்புக் குழு: எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

இந்தக் கேள்வியை ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் அனுப்பியிருக்கிறார். "வெவ்வேறு துறை ஆசிரியர்கள் சேர்ந்து, வளங்குன்றா வளர்ச்சி பற்றிய நூல்களைப் படிக்க ஒரு குழு தொடங்குகிறோம். சூழலியல் துறையினர் மட்டும் பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போகும் கூட்டமாக ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எதில் தொடங்கலாம், எப்படி நடத்தலாம்?" என்று கேட்கிறார்.

உங்கள் பயம் நியாயமானதுதான். எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு அறிமுக நூலை எடுத்தால் அப்படித்தான் ஆகும். பூமி சூடாகிறது, காடு குறைகிறது, ஏதாவது செய்ய வேண்டும். இதை யார் மறுக்கப் போகிறார்கள்? விவரம் தெரிந்தவர் விளக்குவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதனால் ஒன்றோடொன்று மோதுகிற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் படியுங்கள்.

என் தேர்வு இது. 1968-ல் காரட் ஹார்டின் என்ற உயிரியலாளர் 'சயின்ஸ்' இதழில் பொதுவளங்களின் அவலம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சில பக்கங்கள்தான். ஊருக்குப் பொதுவாக ஒரு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. ஒருவர் இன்னொரு மாட்டை ஓட்டிவந்தால் லாபம் முழுக்க அவருக்கு, நஷ்டமோ எல்லோர் தலையிலும் பிரிந்து விழுகிறது. எல்லோரும் இப்படியே கணக்குப் போட்டால் நிலம் பாழாகும் என்கிறார். பொருளியல், மேலாண்மை, சூழலியல் வகுப்புகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஆனால் மூலத்தைப் படித்தவர்கள் குறைவு. படித்துப் பாருங்கள், அவருடைய முக்கியமான கவலை மாடும் புல்லும் அல்ல, மக்கள்தொகை. பிள்ளை பெறும் சுதந்திரத்தையே கட்டுப்படுத்த வேண்டும் என்று வாதாடுகிறார். சமூகவியல், சட்டம், வரலாறு கற்பிப்பவர்கள் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள்.

அப்புறம் எலினோர் ஆஸ்ட்ரம் 1990-ல் வெளியிட்ட, பொதுவளங்களை மக்கள் எப்படி ஆளுகிறார்கள் என்ற நூலுக்கு வாருங்கள். அவர் அரசியல் அறிவியலாளர். 2009-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். ஹார்டினின் மேய்ச்சல் நிலம் கற்பனையில் வரைந்தது. ஆஸ்ட்ரம் காட்டுவது, மக்களே விதி வகுத்துப் பொதுவளத்தைக் காப்பாற்றிய உண்மையான ஊர்களை. ஸ்விட்சர்லாந்தில் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தில் 1517-லேயே ஒரு விதி இருந்தது: குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் பொதுநிலத்துக்கு ஓட்டலாம். எவ்வளவு எளிமையான விதி பாருங்கள்! ஏமாற்றினால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும். ஸ்பெயினின் பாசனக் கால்வாய்கள், ஜப்பானின் கிராமப் பொதுக்காடுகள் பற்றியும் சொல்கிறார். இதே முயற்சியில் தோற்றுப்போன மீன்பிடிப் பகுதிகளையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் என்னை இந்த நூலிடம் திரும்பத் திரும்பக் கூட்டிவருகிறது.

முழு நூலையும் படிக்கச் சொல்லாதீர்கள். பாடம் எடுக்கிறவர்களுக்கு அவ்வளவு நேரம் இருக்காது. முதல் அத்தியாயமும் மூன்றாவது அத்தியாயமும் போதும்.

இரண்டையும் படித்தபின் ஒரு கேள்வியை நடுவில் வையுங்கள்: ஒரு கிராமத்துப் புல்வெளியில் நடந்தது, காற்றுமண்டலத்தில் நடக்குமா? புல்வெளிக்கு எல்லை உண்டு, மேய்ப்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். கரியமில வாயுவுக்கு எல்லையும் இல்லை, அதை வெளியிடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் இல்லை. ஆஸ்ட்ரம் சொன்னது இங்கே எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் அறிவுள்ளவர்களே ஒத்துப்போக மாட்டார்கள். விவாதம் உண்மையாகச் சூடுபிடிப்பது இங்கேதான்.

நடத்துவதற்கு ஒரே ஒரு விதி சொல்கிறேன். எந்தத் துறையைச் சேர்ந்த நூலோ, அந்தத் துறைக்காரர் கடைசியில் பேசட்டும். கணித ஆசிரியரோ மொழி ஆசிரியரோ தொடங்கிவைக்கட்டும். அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டாலும் பரவாயில்லை. மாணவர்களுக்கு எந்த இடம் பிடிபடாது என்பது அதில் தெரிந்துவிடும். நிபுணர் முதலில் பேசிவிட்டால் அது தெரியாமலே போகும்.

அடுத்த பருவத்துக்கு ராச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' நல்லது. பூச்சிக்கொல்லிகளின் தீங்கைப் பற்றி 1962-ல் வந்த நூல். பறவை ஒலியே இல்லாத ஒரு கற்பனை ஊரைச் சொல்லித்தான் தொடங்குகிறார். அறிவியல் நூலை ஏன் அப்படித் தொடங்கினார் என்பதை இலக்கிய ஆசிரியர் விளக்குவார், டிடிடி என்ற பூச்சிக்கொல்லி உடலின் கொழுப்பில் எப்படித் தங்குகிறது என்பதை வேதியியல் ஆசிரியர் சொல்வார்.

சரி, இதெல்லாம் பேச்சோடு நின்றுவிடாதா என்றும் சிலர் கேட்பார்கள். பருவ முடிவில் ஒவ்வொருவரும் தன் பாடத்தில் ஒரு வகுப்பையோ ஒரு ஒப்படைப்பையோ மாற்றி எழுதட்டும், அதைக் குழுவில் காட்டட்டும். அதற்கு மேல் ஆரம்பத்திலேயே கேட்காதீர்கள்.

இன்னொன்று, இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். வளாகத்தின் தண்ணீரையும் மின்சாரத்தையும் குப்பையையும் பார்த்துக்கொள்கிற ஊழியர்களையும் நூலகரையும் கூப்பிடுங்கள். ஒரு விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அதை மாற்றுவதில் பங்கு இருக்க வேண்டும் என்கிறார் ஆஸ்ட்ரம். அதைப் படித்துவிட்டு அவர்களை வெளியே நிறுத்துவது சரியல்ல. கூட்டத்தை வேலை நேரத்திலேயே வையுங்கள், அவர்கள் வருவதற்கான அனுமதியை நிர்வாகத்திடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.