குரங்குக்கு வயசானால் உடம்பின் காவலுக்கு என்ன ஆகும்? | சின்னார் வ்லாக்

வணக்கம் மக்களே. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகிற ரோட்டில், சின்னார் செக்போஸ்ட்டைத் தாண்டி மறையூர் பக்கமாக நிற்கிறேன். சுற்றுலா வண்டிகள் இங்கே நிற்கும், குட்டிக் குரங்குகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். நான் இன்றைக்குக் குட்டிகளைக் காட்டப் போவதில்லை. அந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாளே ஒரு கிழவி, அவளைப் பாருங்கள்.

ஜூம் பண்ணுகிறேன். நாட்டுக்குரங்கு. உச்சியிலிருந்து முடி நாலாபக்கமும் விரிந்திருக்கிறது. முகம் சிவந்து சுருங்கி, கன்னத்துத் தோல் தொங்குகிறது. வலது முன்கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கிழிசல். சண்டையில் வாங்கிய கடியாக இருக்கலாம். ஓரமெல்லாம் காய்ந்துவிட்டது, நடுவில் மட்டும் இன்னும் ஈரம். ஒரு தடவை நக்கிப் பார்க்கிறாள், மறுபடி புளியங்காயைக் கடிக்கிறாள்.

பின்னால் திரிகிற அந்த இளம் கடுவனுக்கு இதே காயம் பட்டிருந்தால் வேகமாக மூடும். மூப்பு வந்த உடம்பில் புண் ஆற நாளாகும். தோல் மட்டும் காரணமில்லை, உள்ளே இருக்கிற காவலும், அதாவது நோய் எதிர்ப்பு சக்தியும், மாறிவிடுகிறது. எனக்கு ரொம்ப நாளாகச் சொல்ல ஆசையாக இருந்த விஷயம் இது.

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. நமக்கும் உண்டு, குரங்குக்கும் உண்டு. கிருமிகளோடு சண்டை போடுகிற டி-செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் அங்கேதான் பக்குவப்படுகின்றன. பருவம் வந்த பிறகு அது சுருங்க ஆரம்பித்து, போகப்போகக் கொழுப்பாக மாறுகிறது. புதிய டி-செல்களின் வரத்து குறைகிறது. ஏற்கெனவே ஒரு கிருமியைச் சந்தித்த பழைய நினைவுச் செல்களோ குவிந்துகொண்டே போகின்றன. சைட்டோமெகலோவைரஸ் என்ற ஒன்று வாழ்நாள் முழுக்க உடம்பில் ஒளிந்திருக்கும். அது ஒன்றைக் கவனிப்பதற்கே ஒரு பெரும் படை ஒதுங்கிவிடும். சந்தனக் கடத்தல் வண்டிகளின் பழைய நம்பர்களை மனப்பாடமாக வைத்திருக்கிற செக்போஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வண்டி வந்தால் உடனே பிடிக்கும், புது வண்டி வந்தால் தடுமாறும். வயதானவர்களுக்குத் தடுப்பூசி கொஞ்சம் குறைவாக வேலை செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று, அழற்சி. காயமோ கிருமியோ வந்தால் உடம்பு காட்டுகிற சூடும் வீக்கமும்தான் அது. எந்தக் கிருமியும் இல்லாதபோதும் உடம்பு லேசாகக் கொதித்துக்கொண்டே இருக்கும். இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-இல் இதற்கு ஒரு தனிப் பெயரே வைத்தார். இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டுகிற பொருள்கள் ரத்தத்தில் கூடும். இதய நோய், மூட்டுத் தேய்மானம், சர்க்கரை எல்லாவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு.

சரி, இதெல்லாம் வயசு ஏற ஏறத் தானாக நடப்பதுதானா? இதில்தான் குரங்குகள் நமக்கு ஒரு பெரிய விஷயத்தைக் காட்டியிருக்கின்றன. புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் பக்கத்தில் கயோ சாண்டியாகோ என்று ஒரு சின்னத் தீவு. 1938-இல் கிளாரன்ஸ் கார்ப்பென்டர் என்பவர் நம் இந்தியாவிலிருந்து நானூறுக்கு மேற்பட்ட ரீசஸ் குரங்குகளைக் கப்பலில் கொண்டுபோய் அங்கே விட்டார். இன்றைக்கு அங்கே இருப்பவை அவற்றின் வழிவந்தவை. 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்தது. தீவின் மரங்களில் பெரும்பகுதி போயிற்று. நிழலே இல்லை.

புயலுக்கு முன்பு எடுத்த ரத்தமும் இருந்தது, பின்பு எடுத்த ரத்தமும் இருந்தது. நோய் எதிர்ப்புச் செல்களில் எந்த மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2022-இல் முடிவு வெளியானது. புயலைத் தாண்டிய குரங்குகளின் எதிர்ப்புச் செல்கள் சராசரியாக இரண்டு வருஷம் கூடுதலாக மூத்துப் போயிருந்தன. மனுஷக் கணக்கில் ஏழு, எட்டு வருஷம்! ஒரே புயலில்! இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் பக்கத்தில் பெட்டிமுடி நிலச்சரிவைப் பார்த்த தேயிலைத் தோட்டத்துப் பாட்டிகளின் முகம்தான் ஞாபகம் வந்தது. அவர்கள் உடம்புக்குள் என்ன நடந்திருக்கும் என்று யார் பார்த்தார்கள்?

ஆனால் எல்லாக் குரங்குகளும் ஒரே அளவு மூக்கவில்லை. இதை விட்டுவிடக் கூடாது. புயலுக்குப் பிறகு அவை முன்பைவிட அதிகமாக ஒன்றையொன்று சேர்த்துக்கொண்டன. மிச்சமிருந்த கொஞ்ச நிழலில் நெருக்கி உட்கார்ந்தன. அப்படி மற்றவற்றைப் பக்கத்தில் பொறுத்துக்கொண்ட குரங்குகள் அதிகமாக உயிர் பிழைத்தன என்று 2024-இல் எழுதியிருக்கிறார்கள்.

கூட்டத்தில் கிடைக்கிற இடமும் ரத்தத்தில் தெரிகிறது. 2016-இல் வந்த ஓர் ஆய்வில் 45 பெண் ரீசஸ் குரங்குகளைக் கூட்டம் மாற்றி மாற்றி வைத்தார்கள். கீழ்நிலையில் இருந்தபோது எதிர்ப்புச் செல்கள் அழற்சிப் பக்கம் சாய்ந்தன. நிலை மாறினால் செல்களும் மாறின. அதாவது இது அழியாத தலையெழுத்து இல்லை.

இப்போது பாருங்கள், கிழவியின் முதுகில் ஒரு பெண் பேன் பார்க்கிறாள். மகளாகக்கூட இருக்கலாம், நாட்டுக்குரங்குப் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். இது வெறும் பாசம் என்று நினைக்காதீர்கள். ஆப்பிரிக்காவில் அம்போசெலி பபூன்களில், அதிகமாகப் பேன் பார்க்கப்பட்டவற்றின் மேல் உண்ணி குறைவாக இருந்தது. உண்ணி விஷயம் சும்மா இல்லை. 1957-இல் கர்நாடகாவின் ஷிமோகா பக்கம் கண்டுபிடித்த கியாசனூர் காட்டுக் காய்ச்சல் உண்ணியால்தான் பரவுகிறது, குரங்குகள் கொத்தாகச் செத்தன. வயநாடு வரைக்கும் வந்துவிட்டது.

பட்டினி கிடந்தால் எதிர்ப்பு சக்தி இளமையாக இருக்குமா? ரீசஸ் குரங்குகளுக்கு 30 சதவீதம் சாப்பாட்டைக் குறைத்து, பல வருஷம் பார்த்தார்கள். வளர்ந்த பிறகு, இளம் பருவத்தில் தொடங்கினவற்றில் புதிய டி-செல்கள் நன்றாகவே தங்கின. பருவம் வருவதற்கு முன்போ முதுமையிலோ தொடங்கினவற்றில் அந்தப் பலன் இல்லை. ஆகவே வீட்டுப் பாட்டியைப் பட்டினி போடுகிற யோசனையை யாரும் செய்ய வேண்டாம்.

கடைசியாக, நமக்கும் இவர்களுக்கும் நடுவில் இருக்கிற தூரம். 2013-இல் உகாண்டாவின் கிபாலே காட்டில் ஒரு சிம்பன்சிக் கூட்டத்துக்குச் சளி வந்தது. மனிதர்களுக்கு வருகிற ரைனோவைரஸ் சி. 56 சிம்பன்சிகளில் 5 செத்துப்போயின. நமக்கு ஒரு தும்மல், அவற்றுக்கு உயிர்.

இந்த ரோட்டில் வண்டியை நிறுத்துகிறவர்கள் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டுகிறார்கள். முதலில் ஓடி வருவது வலுவான கடுவன்கள், கிழவி கடைசியில்தான் வருவாள். வந்தால் சண்டை, சண்டை என்றால் இன்னொரு கடி. இருமல் இருந்தால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், கண்ணாடியை இறக்காதீர்கள்.

அடுத்த வீடியோவில் சின்னாரில் வழிகாட்டிகளாக இருக்கிற முதுவான், மலைப்புலையர் பழங்குடி அண்ணன்மாரிடம் கேட்கப் போகிறேன். இந்தக் கிழவியை எத்தனை வருஷமாகத் தெரியும், இவளுக்கு எத்தனை குட்டி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கையின் காயத்தையும் இதே லென்ஸில் மறுபடி எடுத்துப் போடுகிறேன்.