ஜன்னல் எந்தப் பக்கம் பாக்குது?

வணக்கம் நேயர்களே. சென்னையில எம்.சி. ரோடு பக்கம் கர்ட்டன் தைக்கிற வேலையில ஆரம்பிச்சவன் நான், இப்ப ரொம்ப வருஷமா வீட்டு ஜன்னலுக்கு ரோலர் பிளைண்ட்ஸ் மாட்டிக்கிட்டு இருக்கேன். பேங்க்ல, கிளினிக்ல பாத்திருப்பீங்க, மேல ஒரு பைப்பு, அதுல துணி சுத்தியிருக்கும், பக்கத்துல மணி மணியா ஒரு செயின், இழுத்தா இறங்கும். அதைப் பத்திதான் பேசப் போறேன்.

வாங்க வர்றவங்க முதல்ல கேக்கறது கலர். சோஃபா மெரூன்ல இருக்குண்ணா, அதுக்கு மேட்சா காட்டுங்கன்னு. நான் திருப்பிக் கேப்பேன், ஜன்னல் எந்தப் பக்கம் பாக்குது, எத்தனை மணிக்கு வெயில் உள்ள வருதுன்னு. நிறைய பேர் அங்கயே யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க. மணியை முதல்ல பாருங்க, கலரை அப்புறம் பாருங்க. இதை இன்னைக்கு நாலு தடவையாவது சொல்லுவேன், கோச்சுக்காதீங்க.

காசிமேட்டுல ஒரு அம்மா வீடு. மாடி, கிழக்கு பாத்த ஜன்னல், நின்னா படகு தெரியும். பையன் ஆசையா நல்ல விலை போட்டு பிளாக் அவுட், அதாவது வெளிச்சமே விடாத துணியில ரோலர் மாட்டிக் குடுத்திருக்காரு, காப்பி பொடி கலர்ல. ஒரு வாரத்துல அந்தம்மா என்னைக் கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா, ரோலரைப் பாதி சுருட்டி வலை கட்டுற நைலான் கயிறால ஜன்னல் கம்பியோட கட்டி வச்சிருக்காங்க. "தம்பி, இத்த இறக்குனா வூடு பொட்டி மாதிரி ஆயிடுது, ஏத்துனா வெயிலு, மத்தியானம் ஆனா கீழ இருக்கிற கம்பி டக்கு டக்குன்னு செவுத்துல அடிக்குது, தூங்க முடியல"ன்னாங்க. அவங்க சொன்னது அத்தனையும் சரி. கிழக்கு ஜன்னல்ல வெயில் காலையில ஒரு ஒம்பது, பத்து வரைக்கும்தான் உள்ள விழும். மத்தியான வாக்குல கடக்காத்து வரும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ல இருக்கிற நமக்கு அந்தக் காத்துதான் பெரிய சொத்து, அதைப் போய் துணியால அடைச்சா எப்படி? அந்த ஜன்னலுக்கு வேண்டியது சன்ஸ்கிரீன் துணி, அதாவது சின்னச் சின்ன ஓட்டை வச்சு நெய்யறது, ஓட்டை எவ்வளவுங்கிற கணக்குல 3 பர்சன்ட், 5 பர்சன்ட், 10 பர்சன்ட்னு வரும், நம்பர் ஏற ஏற வெளிய நல்லா தெரியும், வெளிச்சமும் கூட வரும். 5 பர்சன்ட் மாட்டினேன், கீழ்க்கம்பி ஆடாம இருக்க ரெண்டு பக்கமும் மெல்லிசா வயர் விட்டேன், மத்தியானம் முழுசா சுருட்டி மேல ஏத்திடுங்கம்மான்னு சொல்லிட்டு வந்தேன். பிளாக் அவுட்டைக் கழட்டி உள்ரூம் மேற்கு ஜன்னலுக்கு வெட்டி மாட்டினேன், வீணாகல.

மேற்குதான் வில்லங்கம். மூணு மணிக்கு மேல வெயில் சாய்ஞ்சு வரும், சன்ஷேடுக்கு அடியில பூந்து நேரா கட்டில் மேல விழும். இங்க பிளாக் அவுட் சரி, ஆனா கண்ணாடியைப் பாக்கிற பக்கம் வெள்ளையா இருக்கணும். வெள்ளை, வந்த வெயிலை கண்ணாடி வழியாவே வெளிய திருப்பி அனுப்பும். கருப்பு, பிரவுன்லாம் சூட்டைக் குடிச்சு ரூமுக்குள்ள விடும்.

வடக்கு ஜன்னல்ல வெயில் வராதுன்னு சொல்றாங்க பாருங்க, அது நம்ம ஊருக்குப் பொருந்தாது. ஏப்ரல் கடைசியில சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேரா வந்து அப்படியே வடக்க தாண்டிடுது, ஆகஸ்ட் மூணாவது வாரத்துலதான் திரும்பி வருது. கத்திரி வெயில் அத்தனையும் அந்தக் கணக்குலதான் வருது, காலையிலயும் சாயங்காலமும் வடக்கு ஜன்னல்லயும் எட்டிப் பாக்கும். தெற்கு ஜன்னலுக்கு மார்கழி, தை மாசத்துல வர்ற வெயில் சுகமா இருக்கும், அதுக்குச் செலவே பண்ண வேணாம்னு நானே சொல்லி அனுப்பியிருக்கேன்.

இன்னொண்ணு. உள்ள மாட்டுற எந்தத் துணியும் வெயில் கண்ணாடியைத் தாண்டின பிறகுதான் தடுக்குது. எங்கப்பா திண்ணையில வெளிப்பக்கமா மூங்கில் தட்டி கட்டி, சாயங்காலம் தண்ணி தெளிச்சு விடுவாரு, வெயில் சுவத்தைத் தொடுறதுக்கு முன்னாடியே நின்னுடும். மேற்குல பால்கனி இருக்கிறவங்க வெளிய ஒரு தட்டி, உள்ள ஒரு ரோலர்னு போடுங்க, ஃபேன் காத்து சூடா வீசறது குறையும்.

சன்ஸ்கிரீன் பத்தி ஒரு எச்சரிக்கை, பகல்ல வெளிய இருந்து உள்ள தெரியாது, ராத்திரி லைட் போட்டா அப்படியே தெரியும். சந்துல எதிர் வீட்டு ஜன்னல் கை நீட்டுற தூரத்துல இருந்தா, ரோலரோட சேத்து ஒரு கர்ட்டன் போடுங்க.

அளவு எடுக்கறப்ப அகலத்தை மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல எடுங்க, பழைய வீட்டுல மூணும் ஒண்ணா இருக்காது. ஜன்னல் சட்டத்துக்கு உள்ள மாட்டுறதா இருந்தா அந்த மூணுல சின்ன அளவை எடுத்துக்கங்க. துணி பைப்பை விட கொஞ்சம் குறுகலாத்தான் இருக்கும், ஓரத்துல வெளிச்சக் கோடு விழும், அது வேணாம்னா சுவத்துல ரெண்டு பக்கமும் மூணு நாலு இஞ்ச் கூட விட்டு சட்டத்துக்கு வெளிய மாட்டுங்க. கடல் பக்கம் இருக்கிறவங்க அலுமினிய பைப்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூன்னு கேட்டு வாங்குங்க, உப்புக்காத்துல சாதா ஸ்க்ரூ துருப்பிடிச்சு துணியில கறை இறங்கும்.

மோட்டார், கழுவுறது எல்லாம் எழுதிட்டு வந்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தாண்ட இருந்து நேரம் ஆச்சுன்னு கை காட்றாங்க. சரி, இது ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். செயின் வளையமா தொங்கக் கூடாது. குழந்தை கழுத்துல மாட்டினா உயிருக்கே ஆபத்து. அதை இழுத்துப் பிடிச்சு சுவத்துல ஸ்க்ரூ போட்டு நிறுத்த ஒரு கிளிப் இருக்கு, மாட்டுறவர் மறந்தா கேட்டு போட வைங்க. தொட்டில், கட்டில், நாற்காலி எதுவும் அந்த ஜன்னலுக்குக் கீழ இருக்க வேணாம், இன்னைக்கே நகத்திடுங்க. வணக்கம்.