சீரஸும் கடைமடைதான்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வீட்டுக்குள் உட்காராமல் வாய்க்கால் கரைக்கு வந்துவிட்டேன். நாகப்பட்டினம் மாவட்டம், தலைஞாயிறு பக்கம். எனக்குப் பின்னால் தெரிகிற ஷட்டரைத் தாண்டினால் கொஞ்ச தூரம் வயல், அப்புறம் உப்பங்கழி, அப்புறம் கடல். காவிரித் தண்ணீர் வந்து முடிகிற இடங்களில் இதுவும் ஒன்று. காற்றுச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரே தொடர்தான் ஓடியது. ‘தி எக்ஸ்பான்ஸ்’. 2015 டிசம்பரில் அமெரிக்காவின் சைஃபை சேனலில் தொடங்கி 2022 ஜனவரியில் முடிந்த தொடர். 6 சீசன், 62 எபிசோட். நான் ஏற்கெனவே பார்த்ததுதான். இந்தத் தடவை சித்தப்பா, அத்தை, பக்கத்துத் தெருவில் இருக்கிற இயற்பியல் வாத்தியார் அண்ணன், அக்கரைப்பேட்டையில் விசைப்படகில் கடலுக்குப் போகிற என் நண்பன் என்று ஒரு கூட்டமே சேர்ந்துகொண்டது. ஆங்கிலம் புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்தி நான் தமிழில் சொன்னேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். முடிவையும் சொல்லிவிடுவேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை நடப்பது இன்னும் சில நூறு ஆண்டுகள் கழித்து. பூமி முழுக்க ஐ.நா. ஆட்சி. செவ்வாய் தனி நாடு, பெரிய ராணுவம் வைத்திருக்கிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சிறுகோள் பட்டை இருக்கிறது அல்லவா, அங்கே பல தலைமுறையாகக் கல் உடைத்து, பனிக்கட்டி ஏற்றி வந்து வாழ்கிறவர்கள் பெல்டர்கள். அவர்கள் தோண்டி எடுப்பதெல்லாம் பூமிக்கும் செவ்வாய்க்கும் போகிறது. அவர்களுக்கோ மூச்சுக்காற்றும் குடிதண்ணீரும்கூட அளந்துதான் கிடைக்கும்.

முதல் எபிசோடிலேயே சீரஸ் என்ற சிறுகோளில் ஒருவர் மேடை போட்டுப் பேசுகிறார். ஒரு காலத்தில் சீரஸ் முழுக்கப் பனிக்கட்டி இருந்தது, பூமியும் செவ்வாயும் சுரண்டிக்கொண்டு போய்விட்டன என்கிறார். இப்போது அந்த ஊருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் சனிக் கோளின் வளையத்திலிருந்து கப்பலில் பனிக்கட்டி வர வேண்டும். அப்படி வருகிற கப்பல் ஒன்றை யாரோ தகர்த்துவிடுகிறார்கள். அடுத்து சீரஸில் தண்ணீர் அளவைக் குறைக்கிறார்கள். சுவரில் சாய்ந்திருந்த சித்தப்பா அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“முறை வச்சிட்டானுங்களா?” என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் போதாதபோது இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று மாற்றி மாற்றி விடுவதுதான் முறை வைப்பது. தலைமடையில் இருப்பவருக்கு அது ஒரு சிரமம். கடைமடையில் இருப்பவருக்கு நாற்று பிழைக்குமா காயுமா என்கிற கேள்வி. ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்பது வழக்கம். அதற்கு அணையில் தண்ணீர் இருக்க வேண்டும். இருந்து திறந்தாலும் கல்லணைக்கு வந்து, அங்கே பிரிந்து, ஒவ்வொரு ரெகுலேட்டராக இறங்கி எங்கள் மடைக்கு வருவதற்குள் எத்தனையோ கைகள் அதைத் தொட்டுவிடும். அதனால்தான் இங்கே காலையில் டீக்கடையில் முதல் பேச்சே “மேட்டூர் எத்தனை அடி?” என்பதாக இருக்கிறது. 120 அடி அணைக்கு எங்கேயோ தொலைவில் ஒரு அடி ஏறினால் இங்கே மனசு ஏறும்.

முதல் நாலைந்து எபிசோட் புரியவே இல்லை, பெயர்கள் குழப்புகின்றன, எல்லாம் இருட்டாக இருக்கிறது என்று இந்தத் தொடரைப் பாதியில் விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பல பேர். நானும் முதல் தடவை தடுமாறினேன். ஆனால் சித்தப்பா தடுமாறவே இல்லை. கப்பலின் பெயர், கட்சியின் பெயர் எதுவும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. யாரிடம் தண்ணீர் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டார். அதைப் பிடித்தால் கதை தானாக ஓடிவிடுகிறது.

வாத்தியார் அண்ணனுக்குக் கப்பல்கள்தான் பிடித்தன. மற்ற தொடர்களில் விண்கலத்துக்குள் எல்லாரும் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல நடப்பார்கள், எடை எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கக் கூடாது. இதில் கப்பலை மாடி வீடு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் அடியில். அது தள்ளும்போது தரை காலை அழுத்துகிறது, அதுதான் எடை. எஞ்சின் நின்றால் எல்லாரும் மிதக்கிறார்கள். போகிற வழியில் பாதித் தூரத்தில் கப்பலைத் திருப்பி, மீதிப் பாதிக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி வேகத்தைக் குறைக்கிறார்கள். அண்ணன் அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். சுழல்கிற சீரஸில் கோப்பையில் ஊற்றுகிற மது நேராக விழாமல் வளைந்து விழுகிற காட்சியைத் தன் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றார். சரி, மது என்று சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

அதே அண்ணன்தான் ஒரு குறையும் கண்டுபிடித்தார். சீரஸ் நிஜமாகவே இருக்கிறது. 1801இல் பியாஸி கண்டுபிடித்தது, சுமார் 940 கிலோமீட்டர் விட்டம். இந்தத் தொடர் தொடங்கிய அதே 2015இல் டான் விண்கலம் அதைச் சுற்றத் தொடங்கியது. அதன் ஈர்ப்பு பூமியினுடையதில் மூன்று சதவீதம்கூட இல்லை. உள்ளே இருப்பவர்கள் கால் ஊன்றி நடக்கிற வேகத்துக்கு அதைச் சுழற்றினால் மேலே இருக்கிற மண்ணும் பனியும் பிய்த்துக்கொண்டு வெளியே பறந்துவிடும் என்றார். அவர் சொல்வது சரி. ஆனாலும் நான் இதைக் கதைக்காக விட்டுக்கொடுப்பேன்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐ.நா.வில் பெரிய பொறுப்பில் இருக்கிற கிறிஸ்ஜென் அவசரலா என்ற அம்மா வருகிறார். ஈரானில் பிறந்த ஷோரே அக்தஷ்லூ நடித்திருக்கிறார். பட்டும் நகையுமாகப் புடவை கட்டிக்கொண்டு பூமியையே ஆள்கிற ஒரு பாட்டி. அவர் வந்தாலே அத்தை கொசுவத்தைப் பார்ப்பார், கரையைப் பார்ப்பார், நிறுத்தச் சொல்வார். அவர் பேசுகிற கெட்ட வார்த்தைகளை மட்டும் நான் தமிழில் சொல்லவில்லை.

ஆனால் முதல் எபிசோடில் ஒரு இடம். அந்த அம்மா பேரனைக் கொஞ்சிவிட்டு ஒரு விசாரணைக்குப் போகிறார். பிடிபட்ட பெல்டர் ஒருவனைக் கொக்கியில் மாட்டி நிறுத்தியிருக்கிறார்கள். எடை குறைந்த இடத்தில் வளர்ந்த உடம்பு அவனுக்கு. நெடுநெடுவென்று, எலும்பு மெலிந்து. பூமியின் இழுப்பே அவனுக்குச் சித்திரவதை. அடிக்கவே வேண்டாம், நிற்க வைத்தால் போதும். அத்தை அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. ஐந்தாவது சீசன் வந்த பிறகும், நான் அவசரலாவைப் புகழ்ந்தால், “அந்தப் பையனை மாட்டி வச்சது இவதானே” என்பார். புடவையையும் ரசித்தார், மன்னிக்கவும் இல்லை. இந்தத் தொடரைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்தப் பாத்திரத்தை எழுதியவர்கள் விரும்பியதும் இப்படியொரு பார்வையாளரைத்தான் என்று நினைக்கிறேன்.

படகு நண்பனுக்கு பெல்டர்களின் கைச் சைகைதான் முதலில் கண்ணில் பட்டது. விண்வெளி உடைக்குள் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? அதனால் ஆமாம், இல்லை, எல்லாமே கையால். “எஞ்சின் ஓடும்போது நாங்களும் இப்படித்தானே” என்றான். அவர்கள் பேசுவது பல மொழி கலந்த ஒரு பேச்சு. நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் தொடருக்காகவே உருவாக்கியது. ‘பெல்டலோடா’ என்றால் ‘பெல்டர்களாகிய நாம்’. இவன் இப்போது கரையிலும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது சீசனில் கேனிமீடு வருகிறது. வியாழனின் நிலா. கண்ணாடிக் கூடாரங்களுக்குள் பயிர் செய்து வெளிக்கோள்களுக்கெல்லாம் சோறு போடுகிற இடம். சுருக்கமாகச் சொன்னால் அவர்களுடைய தஞ்சாவூர். வெயிலைத் திருப்பிவிடுவதற்கு மேலே பெரிய கண்ணாடிகள் சுற்றுகின்றன. பூமிப் படையும் செவ்வாய்ப் படையும் மோதிக்கொள்ள, கண்ணாடி நொறுங்கிக் கூடாரங்கள் மேல் விழுகிறது. பிராக்ஸ் என்று ஒரு தாவரவியல் ஆராய்ச்சியாளர், காணாமல்போன மகளைத் தேடி அலைகிறார். அலைகிற வழியில் ஒரு இலையைப் பார்த்து, இந்த ஊர் ஏற்கெனவே செத்துவிட்டது, யாருக்கும் இன்னும் தெரியவில்லை என்கிறார். இயற்கையில் ஒன்று போனால் தாங்கிப் பிடிக்க இன்னொன்று இருக்கும். மனிதன் கட்டிய சிறிய அமைப்பில் அப்படித் தாங்க எதுவும் இல்லை. ஒன்று சரிந்தால் அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது.

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது வீட்டில் ஒருவரும் பேசவில்லை. 2018 நவம்பர் 16, கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. சித்தப்பாவின் தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. மரம் போனதோடு முடியவில்லை. நிழலில் நின்ற எலுமிச்சை அடுத்த கோடையில் காய்ந்தது. கீற்று முடைந்தவர்கள் திருப்பூருக்குப் போனார்கள். புதுக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம், அதுவரை வட்டி. புயலன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது விழுந்த மரங்கள் மட்டும்தான். “அந்த இலையைப் பாத்து சொன்னார் பாரு, அது தெரிஞ்ச ஆள்” என்றார் சித்தப்பா. எத்தனையோ விண்வெளிப் படங்கள் பார்த்திருக்கிறேன். விவசாயம் சரிவதை இவ்வளவு பொறுப்பாகச் சொன்ன இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

அதே 2018இல்தான் இந்தத் தொடரும் சாகக் கிடந்தது. மூன்றாவது சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மே மாதம் சேனல் கைவிட்டது. ரசிகர்கள் கையெழுத்து திரட்டினார்கள், பதாகை கட்டிய விமானத்தைக்கூடப் பறக்கவிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அமேசான் எடுத்துக்கொண்டது. அந்த வருடம் இங்கே நாங்கள் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுச் சாலையில் உட்கார்ந்திருந்தோம். பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பு சொல்லியிருந்தது, ஜூனில்தான் ஆணையம் வந்தது. அதனால் தொடரைப் பற்றிய அந்தச் செய்தியெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

நாலாவது சீசன் மெதுவாகப் போகிறது என்று பலரும் சொல்வார்கள். விண்வெளியில் திறந்த ஒரு வாசல் வழியாகப் போய்ச் சேர்கிற ஒரே புதுக் கிரகத்தில் நடப்பதால் அப்படித் தோன்றும். அங்கே சண்டை எதற்கு? கேனிமீடிலிருந்து அகதியாகப் போன பெல்டர்கள் முதலில் குடியேறிவிட்டார்கள், பூமியின் நிறுவனம் பின்னால் உரிமைப் பத்திரத்தோடு வருகிறது. பட்டா யாருக்கு, அனுபவம் யாருக்கு. எங்கள் வீட்டில் ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

சண்டை வந்தது மார்கோ இனாரோஸ் விஷயத்தில்தான். பெல்டர்களின் தலைவன் என்று சொல்லிக்கொண்டு பூமியின் மேல் பாறைகளை எறிந்து லட்சக்கணக்கானவர்களைக் கொல்கிறவன். படகு நண்பன், அவன் செய்ததில் என்ன தப்பு, எத்தனை தலைமுறை பொறுப்பது என்று கேட்டான். கோபமாகத்தான் கேட்டான், எனக்கு அது புரிந்தது. சித்தப்பா இரண்டாவது சீசனை நினைவுபடுத்தினார். செவ்வாயின் வீராங்கனை பாபி, கடலைப் பார்க்க ஆசைப்பட்டு பூமியில் ஒரு நகரத்துக்குள் நடந்து போவாள். அங்கே வேலை இல்லாமல், ஒரு பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பல பத்தாண்டுகளாகக் காத்திருக்கிற ஆள் ஒருவரைப் பார்ப்பாள். “கல்லு விழுந்த ஊர்லயும் ஒரு கடைமடை இருக்கும்லடா” என்றார் சித்தப்பா. நண்பன் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

புரோட்டோமாலிக்யூல் என்கிற அந்த வேற்றுலகப் பொருளைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை, தெரிகிறதா? அண்ணனுக்கு அதுதான் தொடரின் உயிர். எனக்கு அது கதையை நகர்த்துகிற சாமான் மட்டும். அது போட்ட முடிச்சு அவிழாமலே தொடர் முடிகிறது என்ற வருத்தம் அண்ணனுக்கு நிறைய. மூல நாவல்கள் ஒன்பது, தொடர் ஆறோடு நின்றுவிட்டது. கடைசி சீசனுக்கு வெறும் 6 எபிசோட் என்பது எனக்குமே குறைதான்.

ஆனால் முடிவு எனக்கு நிறைவு. அந்த வேற்றுலகப் பொருள் திறந்துவிட்ட, புதிய உலகங்களுக்குப் போகிற வாசல்கள் வழியாக எது போக வேண்டும், எது வர வேண்டும் என்று முறைப்படுத்த ஒரு சங்கம் அமைக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவான ஆள் என்று பூமியில் பிறந்த ஹோல்டனைத் தலைவராக்குகிறார்கள். ஆறு சீசனாக அவர்தான் நாயகன். பெல்டர்களின் கதையை ஒரு பூமிக்காரர் தோளில் ஏற்றியது எனக்கு எப்போதும் உறுத்தும். அவர் மேடையிலேயே பதவியை விட்டுவிட்டு பெல்டரான டிரம்மர் கையில் கொடுக்கிறார். சித்தப்பா எழுந்தே விட்டார். “ஷட்டர் சாவியைக் கடைமடைக்காரி கையில குடுத்துட்டாருடா!”

அப்புறம் படுக்கப் போகிறபோது ஒன்று கேட்டார். “அந்த வாசலுக்கு அந்தாண்ட குடிபோன சனங்களுக்கு இந்த அம்மா முறை எப்படி வைக்கும்?” ஏழாவது நாவலை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அதில் சங்கத்துக்கு டிரம்மர்தான் தலைவர். தொடக்கத்திலேயே சொல் கேட்காத ஒரு குடியிருப்புக்கு வாசலை மூடச் சொல்லி உத்தரவு போடுகிறார். அதைச் சித்தப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.